ஆர்எக்ஸ் 100 கார்ப் கழுவ அல்ட்ராசோனிக் மெஷின்: காசுக்குத் தகுமா?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். வீட்டில் ஒரே ஒரு யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் நிற்கிறது, அதுவும் வாரம் இரண்டு நாள் ஓடுகிறது என்றால், தண்ணீரை அதிர வைத்துக் கார்புரேட்டரைக் கழுவும் இந்த அல்ட்ராசோனிக் மெஷின் வேண்டாம். நாலைந்து பழைய வண்டி வைத்திருப்பவர், வருஷக்கணக்கில் ஷெட்டில் கிடந்த வண்டிகளை எடுத்து ஓட வைப்பவர், சின்ன ஒர்க்‌ஷாப் நடத்துபவர் வாங்கலாம். ஆனால் விளம்பரத்தில் காட்டுகிற மாதிரி முழு கார்புரேட்டரைத் தொட்டியில் போட்டு பட்டனைத் தட்டினால் புதுசாக வெளியே வரும் என்பதெல்லாம் நடக்காது. மெஷின் செய்வது உள்பாதை அழுக்கை எடுக்கும் ஒரே ஒரு வேலைதான், அதை ஒழுங்காகச் செய்கிறது. மற்றதெல்லாம் ஸ்க்ரூ டிரைவரும் கையும் செய்ய வேண்டியவை.

ஆன்லைனில் விற்கும் 2 லிட்டர் வகையைப் பற்றித்தான் பேசுகிறோம். பெயர் ஸ்டிக்கர் பத்து விதமாக இருக்கும், பெட்டி கிட்டத்தட்ட ஒன்றேதான். ஸ்டீல் தொட்டி, உள்ளளவு சுமார் 150க்கு 135க்கு 100 மி.மீ., 40 கிலோஹெர்ட்ஸ், 60 வாட், கூடவே 100 வாட் ஹீட்டர், டைமர், ஒரு கம்பிக் கூடை. ஆர்எக்ஸ் 100-இல் இருக்கும் 20 மி.மீ. விஎம் வகை கார்ப், அடியில் பெட்ரோல் தேங்கும் கப்பையும் மேல் மூடியையும் கழற்றிவிட்டால் இதில் தாராளமாகப் படுக்கும். 1985 முதல் 1996 வரை வந்த வண்டி அது. மிகுனி என்று எழுதியிருந்தாலும் மிக்கார்ப் என்று எழுதியிருந்தாலும் அமைப்பு ஒன்றுதான். மிக்கார்ப் என்பது சென்னையை அடுத்த மறைமலை நகரின் யூகால் கம்பெனி சரக்கு. புல்லட்டுக்கு வந்த மிக்கார்ப்புகளும் இதே விஎம் குடும்பம் என்பதால், கீழே சொல்வதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

எந்த அடைப்புக்கு மெஷின் தேவை என்று தெரிந்தால்தான் காசு தகுமா என்று சொல்ல முடியும். ஜெட் என்பது பெட்ரோலை அளந்து விடும் துளை உள்ள பித்தளைத் திருகு. த்ராட்டில் மூடியதிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை ஸ்லோ ஜெட்டும், காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவும் ஆள்கின்றன. அங்கிருந்து கால் பங்கு வரை, த்ராட்டில் கேபிள் தூக்கும் ஸ்லைடின் வெட்டு, கால் முதல் முக்கால் வரை ஸ்லைடில் தொங்கும் ஊசியும் ஊசி ஜெட்டும், முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். ஸ்லோ ஜெட் அடைத்த வண்டி சோக் போட்டால் ஸ்டார்ட் ஆகும், சோக்கை எடுத்ததும் அணையும். ஐடிலிங் நிலையாக நிற்காது. உடனே ஐடில் ஸ்க்ரூவை ஏற்றி, ரேஸிலேயே நிறுத்தி, "இப்ப சரியாயிடுச்சு" என்று வண்டியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அது சரியானதில்லை, ஸ்லைடைத் தூக்கி வைத்து நோயை மறைத்தது. மெயின் ஜெட் அடைத்தால் நேர்மாறு. ஐடிலிங் அருமையாக இருக்கும், பைபாஸில் முழு த்ராட்டில் கொடுத்தால் வண்டி ஏங்கும். டூ ஸ்ட்ரோக்கில் இதுதான் ஆபத்தான அடைப்பு. பெட்ரோல் குறைந்த கலவையில் முழு வேகத்தில் போனால் சூடு ஏறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

இவற்றில் மெயின் ஜெட்டுக்கு மெஷினே தேவையில்லை. துளை கண்ணுக்குத் தெரியும், ஸ்ப்ரே அடித்துக் காற்று ஊதினால் போய்விடும். தொல்லை முழுக்க ஸ்லோ ஜெட்டிலும், அதற்குப் பின்னால் கார்ப் உடம்புக்குள் வளைந்து போகும் பாதையிலும்தான். அந்தப் பாதை இன்ஜின் பக்கத்து வாயின் தரையில் இரண்டு ஊசிமுனைத் துளைகளாகத் திறக்கிறது. ஒன்று ஸ்லைடுக்கு நேர் கீழே, இன்னொன்று அதைத் தாண்டி. கம்பி அந்த வளைவுக்குள் போகாது.

கம்பி போகும் இடத்திலும் விடக்கூடாது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 0.40 மி.மீ. துளையைக் குத்திக் குத்தி 0.42 ஆக்கிவிட்டால் விட்டத்தில் வித்தியாசம் தலைமுடி அளவுகூட இல்லை. ஆனால் துளையின் பரப்பு 10 சதவீதம் கூடிவிட்டது. 0.44 ஆனால் 21 சதவீதம். ஜெட் மேல் அடித்திருக்கும் நம்பர் அதற்குப் பிறகு வெறும் எழுத்துதான். வெல்டிங் கடையில் கிடைக்கும் டிப் க்ளீனர் கம்பிகள் உண்மையில் சின்ன அரங்கள், பித்தளையை வழித்துவிடும். வேறு வழியே இல்லை என்றால், 0.75 சதுர மி.மீ. வயரை உரித்தால் வரும் 24 செப்பு இழைகளில் ஒன்றை எடுங்கள். ஒவ்வொன்றும் 0.20 மி.மீ. தான், பித்தளையைவிட மென்மையும்கூட. விட்டு எடுக்கலாம், முறுக்கித் தேய்க்கக் கூடாது.

துளையை எது அடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அழுக்கு இரண்டு வகை. பெட்ரோல் காய்ந்து போன பிசின் மஞ்சளும் பழுப்புமாக வார்னிஷ் மாதிரி ஒட்டியிருக்கும். ஆயில் பம்ப்பைக் கழற்றிவிட்டு டேங்கிலேயே 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் கலந்து ஓட்டும் ஆர்எக்ஸ்களில் இது இரட்டிப்பு. பெட்ரோல் ஆவியாகிப் போகும், ஆயில் மட்டும் ஜெட்டில் தங்கும். இரண்டாவது வகை ஈரம் தின்ற உலோகத்தின் உப்பு. கப்பின் அடியில் வெள்ளைப் பொடியாகவும் பித்தளை மேல் பச்சையாகவும் பூத்திருக்கும். பங்கில் இப்போது வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால், மாதக்கணக்கில் நின்ற வண்டிகளில் இந்தப் பூப்பைத்தான் அதிகம் பார்க்க முடிகிறது. பிசின் கார்ப் க்ளீனர் ஸ்ப்ரேயில் கரையும். வெள்ளைப் பூப்பு எந்த ஸ்ப்ரேயிலும் கரையாது. ஸ்ப்ரேயா மெஷினா என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. கப்பைத் திறந்து பாருங்கள். பழுப்பு மட்டும் என்றால் சில நூறு ரூபாய் ஸ்ப்ரே டின்னோடு வேலை முடிந்தது. வெள்ளை பூத்திருந்தால் மெஷினுக்கு வேலை இருக்கிறது.

கழற்றும்போது செய்கிற சேதத்தை எந்த மெஷினும் திருப்பித் தராது. கப் ஸ்க்ரூக்கள் பிளஸ் தலை மாதிரி தெரிந்தாலும் ஜப்பானிய ஜேஐஎஸ் வெட்டு. சாதாரண ஸ்டார் டிரைவர் உள்ளே முழுசாக உட்காராது, அழுத்தித் திருப்பினால் வழுக்கித் தலையை மழித்துவிடும். ஜேஐஎஸ் டிரைவர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் சொல்லும் பொருள்களிலேயே காசுக்கு அதிகம் தகுவது அதுதான். ஜெட்டுகளுக்கு வெட்டின் முழு அகலத்துக்கும் பொருந்தும் மைனஸ் டிரைவர் வேண்டும். ஸ்லோ ஜெட் ஆழக் குழியில் இருப்பதால் தண்டு மெல்லியதாகவும் முனை அகலமாகவும் இருக்க வேண்டும். தண்டு தடித்ததென்றால் குழிக்குள் இருக்கும் மரையைக் கீறிவிடும். இறுகிப்போன ஜெட்டை முறுக்காதீர்கள். ராத்திரி முழுக்க க்ளீனரில் ஊறவிட்டு, காலையில் டிரைவரை வைத்து மேலே மெல்ல ஒரு தட்டு தட்டித் திருப்பினால் வரும்.

ஏர் ஸ்க்ரூவை நேராகக் கழற்றிவிடாமல், முதலில் உள்ளே மெதுவாக மூடிப் பாருங்கள். எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள், பிறகு கழற்றுங்கள். பலர் அதை இறுக்கி இறுக்கியே கூம்பு முனையில் வளையம் விழ வைத்திருப்பார்கள். விரல் நகத்தை முனைமேல் ஓட்டினால் தட்டும். அப்படித் தட்டினால் ஸ்க்ரூவை மாற்றுங்கள், அதை வைத்துக்கொண்டு டியூனிங் நிற்காது. ஸ்லைடு, ஊசி, ரப்பர் வாஷர்கள், சோக் பிளஞ்சர், கப்புக்குள் மிதக்கும் ஃப்ளோட், ஃப்ளோட் ஊசி எதுவும் தொட்டிக்குள் போகக் கூடாது. தொட்டிக்குப் போவது வெறும் உடம்பு, கப், ஜெட்டுகள். பெட்ரோல் எண்ணெய் நாற்றமே இல்லாத அளவுக்கு முன்னால் ஸ்ப்ரேயும் பிரஷ்ஷும் போட்டுக் கழுவிக் காய வைத்த பிறகே போக வேண்டும்.

இனி மெஷின். வாங்கி வந்ததும் ஒரு சோதனை. தண்ணீர் நிரப்பி, சமையலறை அலுமினிய ஃபாயிலைத் துண்டாக வெட்டி, நடுவில் செங்குத்தாகத் தொங்கவிட்டு ஒரு நிமிஷம் ஓட்டுங்கள். நல்ல மெஷினில் ஃபாயில் முழுக்கச் சல்லடை மாதிரி பொடித் துளை விழும். ஒரு பக்கம் கிழிந்து இன்னொரு பக்கம் பளபளவென்று அப்படியே இருந்தால், அடியில் ஒட்டிய அதிர்வுத் தட்டு சரியாக வேலை செய்யவில்லை. அதே நாளில் திருப்பி அனுப்புங்கள். இந்த விலை மெஷின்களில் தரம் பெட்டிக்குப் பெட்டி மாறும்.

ஹீட்டர் பேருக்குத்தான். 1.5 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குக் கொண்டுபோக 100 வாட்டுக்குக் கணக்குப்படியே 26 நிமிஷம், நிஜத்தில் இன்னும் கூடுதல். அடுப்பில் காய்ச்சி ஊற்றிவிட்டு, சூடு இறங்காமல் பார்த்துக்கொள்ள மட்டும் ஹீட்டரைப் போடுங்கள். தண்ணீர் ஆர்ஓ தண்ணீராக இருக்கட்டும். போர் தண்ணீரின் உப்பு, காய்ந்ததும் நாம் விரட்ட வந்த வெள்ளையை மறுபடி வைத்துவிட்டுப் போகும். லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் பாத்திரம் கழுவும் லிக்விட் போதும். துணி சோப்புத் தூள், சோடா, அடுப்புப் பிசுக்கு க்ளீனர் வேண்டாம், கார்ப் உடம்பு கறுத்துப்போகும். அம்மோனியா கலந்த கண்ணாடி க்ளீனர் பித்தளைக்கு ஆகாது. தொட்டியில் பெட்ரோல், தின்னர், ஸ்பிரிட் ஊற்றுவது தற்கொலைக்குச் சமம். சூடும் ஆவியும் கரண்டும் ஒரே இடத்தில் இருக்கின்றன, ஒரு பொறி போதும்.

பொருளைப் போடுவதற்கு முன்னால் வெறும் தண்ணீரோடு பத்து நிமிஷம் ஓட விடுங்கள். தண்ணீருக்குள் கரைந்திருக்கும் காற்று வெளியேறினால்தான் அதிர்வு முழுசாக இறங்கும். அடுத்து வருவதை மெஷினோடு தரும் காகிதத்தில் பெரும்பாலும் எழுதுவதில்லை, "போட்டேன், சரியாகவில்லை" என்று புகார் சொல்கிறவர்களில் பாதிப் பேர் இதைத்தான் விட்டிருப்பார்கள். பாதைக்குள் காற்றுக்குமிழ் மாட்டியிருந்தால் அங்கே சுத்தமே ஆகாது. மெஷின் சுத்தம் செய்வது தண்ணீருக்குள் நுண்குமிழ்கள் உடைவதால், தண்ணீர் போகாத இடத்தில் உடைய ஒன்றுமில்லை. கார்பைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி நாலு பக்கமும் சாய்த்துக் குலுக்குங்கள், ஏர் ஸ்க்ரூ துளையிலிருந்து கடைசிக் குமிழ் வரும்வரை. ஸ்லோ ஜெட் பாதையில் ஒரு சிரிஞ்ச் வைத்துத் தண்ணீர் ஏற்றினால் இன்னும் நல்லது.

ஓட ஆரம்பித்த முதல் நிமிஷத்தில், ஸ்லைடுக்குக் கீழே இருக்கும் அந்தச் சின்னத் துளையைப் பாருங்கள். கறுப்பு நூல் ஒன்று அங்கிருந்து இறங்கி, தண்ணீரில் புகைபோலக் கலையும். நூல் நின்றதும் உடம்பைத் திருப்பிப் படுக்க வைத்தால் மறுபடி கொஞ்சம் வரும். 8 நிமிஷம் ஒரு பக்கம், 8 நிமிஷம் மறுபக்கம், தண்ணீர் மாற்றி இன்னொரு முறை. அரைமணிக்கு மேல் வேண்டாம். மணிக்கணக்கில் விட்டால் அலாய் மேல் பொடிக் குழிகள் விழும், நிறம் மங்கும். கம்பிக் கூடை அதிர்வில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகிறது. அதற்காகக் கார்பை நேராகத் தொட்டியின் அடியில் வைத்துவிடாதீர்கள், அடித்தகடு தேய்ந்து ஓட்டையாகும். நூலில் கட்டித் தொங்கவிடுவதே சிறந்தது.

ஜெட்டுகளைத் தனியாக ஒரு சின்னக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, பாட்டிலைத் தொட்டித் தண்ணீரில் நிறுத்துங்கள். கண்ணாடி வழியாக அதிர்வு போகும், ஜெட்டும் தொலையாது. பச்சை பூத்த பித்தளைக்கு அந்தப் பாட்டிலில் மட்டும் 100 மி.லி.க்கு ஒரு கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்). பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி போடுகிற அதே வேலை. 5 நிமிஷம்தான். ரொம்ப நேரம் ஊறினால் துத்தநாகம் கரைந்து ஜெட் செம்பு நிறத்துக்கு மாறும், அளவும் கெடலாம். எடுத்த ஸ்லோ ஜெட்டை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். வட்டமான, விளிம்பு பிசிறில்லாத ஒரு வெளிச்சப் புள்ளி தெரிய வேண்டும். புள்ளி நீள்வட்டமாகவோ அரைநிலாவாகவோ தெரிந்தால் இன்னும் அழுக்கு இருக்கிறது, அல்லது யாரோ முன்பே கம்பி விட்டிருக்கிறார்கள். பக்கவாட்டுத் துளைகளையும் பார்க்க மறக்க வேண்டாம்.

ஒரு குறை இங்கே சொல்ல வேண்டும். முழுசாக அடைத்துப்போன ஜெட்டை இந்த 60 வாட் மெஷின் தானாகத் திறப்பதில்லை. ஒரு ராத்திரி க்ளீனரில் ஊறி, இழை ஒன்று நுழையும் அளவுக்குத் திறந்த பிறகுதான் மெஷினால் மிச்சத்தை எடுக்க முடிகிறது. வாங்குபவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

எடுத்ததும் நல்ல தண்ணீரில் அலசி, காற்று ஊதிக் காய வையுங்கள். எல்லாப் பாதையிலும் ஒருமுறை ஸ்ப்ரே அடித்துச் சோதியுங்கள். ஸ்லோ ஜெட் குழியை விரலால் மூடி, ஏர் ஸ்க்ரூ துளையில் ஸ்ப்ரே குழாயை வைத்து அடித்தால், இன்ஜின் பக்கத்து இரண்டு துளைகளிலும் தனித்தனி ஊற்றாகப் பீறிட வேண்டும். கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். அந்த ஊற்று நேராகக் கண்ணுக்குத்தான் வரும்.

மெஷின் தொட முடியாத விஷயங்கள் இருக்கின்றன. தேய்ந்த ஊசி ஜெட், ஆட்டம் கண்ட ஸ்லைடு, கோடு விழுந்த ஃப்ளோட் ஊசி, சோக் பிளஞ்சரின் அடியில் இருக்கும் கல்லாகிப்போன ரப்பர். இந்தக் கடைசி ஒன்றைப் பலரும் கவனிப்பதே இல்லை. ரப்பர் மூடாவிட்டால் சோக் எப்போதும் கொஞ்சம் திறந்தே இருக்கிற கணக்கு. ப்ளக் கறுக்கும், மைலேஜ் விழும், ஜெட்டைக் குறை சொல்வார்கள். இவற்றுக்கு ரிப்பேர் கிட் வாங்கலாம், ஆனால் கிட்டில் இருந்து வாஷரையும் ரப்பரையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மலிவு கிட்டுகளில் வரும் ஜெட்டுகளில் நம்பர் அடித்திருக்கும், துளை அந்த நம்பருக்கு இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வண்டியோடு வந்த பழைய ஜெட் அடைத்திருந்தாலும் அதுவே பெரிது, சுத்தம் செய்து அதையே போடுங்கள். கெட்டுப்போயிருந்தால் சென்னை புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ நல்ல நிலையில் இருக்கும் பழைய அசல் ஜெட் தேடுவது, புது டூப்ளிகேட்டைவிட மேல்.

மாட்டும்போது ஜெட்டுகளை இறுக்க வேண்டாம், பித்தளை உட்கார்ந்ததும் ஒரு சின்ன அழுத்தம் போதும். ஃப்ளோட் உயரத்தை உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவல் அளவுக்கு வையுங்கள். கார்பைத் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பவர்கள் ஃப்ளோட் ஊசியின் ஸ்பிரிங் அமுங்கிவிடாமல், நாக்கு லேசாகத் தொடும் நிலையில் அளக்க வேண்டும். பித்தளை ஃப்ளோட் என்றால் சுடுதண்ணீரில் ஒருமுறை அமுக்குங்கள், குமிழ் வந்தால் ஓட்டை. ஏர் ஸ்க்ரூ எழுதி வைத்த சுற்றில் தொடங்கட்டும். இன்ஜின் சூடான பிறகு அதைத் திருப்பி, ஐடிலிங் உச்சத்துக்கு ஏறும் இடத்தைத் தேடுங்கள். அது ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்ட சுற்றில் கிடைத்தால் பாதை சுத்தம். அரைச் சுற்றுக்கும் கீழே மூடினால்தான் ஐடிலிங் நிலைக்கிறது என்றால் பெட்ரோல் இன்னும் போதவில்லை. ஸ்லோ ஜெட் மறுபடி தொட்டிக்குப் போக வேண்டும், அல்லது கார்பை இன்ஜினோடு இணைக்கும் மேனிஃபோல்ட் ரப்பரில் வெடிப்பு விழுந்து காற்று இழுக்கிறது. டேங்கில் துரு இருந்தால் இத்தனை பாடும் ஒரு வாரத்துக்குத்தான். பெட்ரோல் டேப் ஃபில்டரைக் கழற்றிப் பார்க்காமல் கார்பை மாட்டாதீர்கள்.

வாங்குவதென்று முடிவானால், தொட்டி காலியாக இருக்கும்போது சுவிட்ச் போட்டுவிடாதீர்கள், அதிர்வுத் தட்டு கெட்டுவிடலாம். இன்னொன்று, 2 லிட்டர் மாடல்களில் பெரும்பாலும் வடிகால் குழாய் இல்லை. அழுக்குத் தண்ணீரைச் சாய்த்துத்தான் கொட்ட வேண்டும். சுவிட்ச் பக்கம் சாய்த்தால் தண்ணீர் பேனலுக்குள் இறங்கும். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, எதிர்ப்பக்கமாகச் சாய்த்துக் கொட்டுங்கள்.